இழந்த உடைமையா, ஏறிவந்த பாதையா? சூப்பர் லீக் எதிர்ப்பில் ஆங்கில ரசிகர்களின் வரலாற்று நினைவு

2021 ஏப்ரல் 18 ஞாயிறு இரவு பன்னிரண்டு ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனிப்போட்டியை அறிவித்தன. 20ஆம் தேதி இரவு முடிவதற்குள் அவற்றில் இருந்த ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் விலகிக்கொண்டன. பதினைந்து நிரந்தர உறுப்பினர்கள், தகுதிபெற்று வந்துபோகும் ஐந்து அணிகள், ஜே.பி. மார்கன் வங்கியின் பணம், புளோரென்டினோ பெரெஸின் தலைமை ஆகியவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. பார்வையாளர் இருக்கையில் உட்காரவே அனுமதி இல்லாதவர்கள் எதைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. உழைக்கும் மக்கள் உருவாக்கிய விளையாட்டைப் பணக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள், பறிகொடுத்தவர்கள் வெகுண்டு எழுந்தார்கள் என்பது அது. இந்த விடைக்குக் கோட்பாட்டு உருவம் கொடுத்தவர் சமூகவியலாளர் இயன் டெய்லர். 1971இல் வெளிவந்த அவருடைய இரண்டு கட்டுரைகள் ரசிகர் ஆய்வில் மூலபாடம்போல வாசிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவர் 2001இல் காலமானார். சூப்பர் லீக் பற்றி அவர் எழுதியது எதுவுமில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதியவர்கள் பலர், அவரை வாசித்தவர்களும் வாசிக்காதவர்களும், அவர் போட்ட தடத்தில்தான் நடந்தார்கள். ஆகவே டெய்லரோடு வாதிடாமல் 2021ஐ அணுக முடியாது.

டெய்லர் எடுத்துக்கொண்ட சிக்கல் மைதான வன்முறை. 1960களில் ஆங்கிலப் பத்திரிகைகள் ரசிகர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிக்கொண்டிருந்தன. டெய்லர் அந்த வசவை ஏற்கவில்லை. முன்பு உழைக்கும் வர்க்க ரசிகர் தம்மைக் கிளப்பின் அங்கமாகவே உணர்ந்தார் என்றும், அதன் போக்கில் தமக்குச் சொல் உண்டு என்று நம்பினார் என்றும் அவர் எழுதினார். ஆட்டக்காரரும் ஏறக்குறைய ரசிகரின் வருமானத்தில், ரசிகர் வாழ்ந்த தெருக்களிலேயே வாழ்ந்தார். போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1961இல் ஆட்டக்காரரின் சம்பள உச்சவரம்பு நீங்கியது. வெளிநாட்டுப் போட்டிகள் பெருகின, நடுத்தர வர்க்கப் பார்வையாளரை மனத்தில் வைத்து மைதானங்கள் திருத்தப்பட்டன. அந்நியப்பட்டுப்போன ரசிகரில் ஒரு பகுதியினர் இழந்த பங்கேற்பை மீட்க எழுப்பிய குரலே வன்முறை என்பது அவர் முடிவு.

ரசிகரின் கோபத்துக்குப் பொருள் உண்டு என்று அந்தக் காலத்தில் ஒருவர் எழுதியது பெரிய காரியம். அந்தக் கடன் எனக்கும் உண்டு. தம் கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பிலேயே அதை ஊகம் சார்ந்த சமூகவியல் என்று அவர் குறித்திருந்ததையும் மறக்கக் கூடாது. ரசிகர் தமக்குப் பங்கு இருப்பதாக உணர்ந்தார் என்பதே அவர் வாதத்தின் மையம். வழிவந்தவர்களோ உணர்வைச் சாட்சியாக்கி, சாட்சியை உண்மையாக்கி, ஒரு காலத்தில் கிளப்புகள் மக்கள் கையில் இருந்தன என்ற இடத்துக்கு வந்து நின்றார்கள். அந்தப் பிசகுக்கு வழி திறந்துவிட்டது டெய்லரின் நடைதான். பழைய கிளப்புகளின் பங்குப் பதிவேடுகளையோ நிர்வாகக் குறிப்புகளையோ ஆதாரமாகக் கொண்டு எழுந்த வாதம் அல்ல அது.

இனி 2021இன் சான்றுகளுக்கு வரலாம். டெய்லர் வழி வாசிப்புக்குப் பெரிதும் பயன்பட்டது மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் கட்டப்பட்ட ஒரு பதாகை. ‘ஏழைகள் படைத்தது, பணக்காரர்கள் திருடியது’ என்பது அதன் வாசகம். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. அந்தக் கிளப்பின் மூலமான நியூட்டன் ஹீத், 1878இல் ரயில்பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. வாசகமும் வரலாறும் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும்.

ஆனால் இந்த வாசகம் மான்செஸ்டரில் பிறந்ததல்ல. 2017 ஜனவரியில் துனீசியாவின் ராதெஸ் மைதானத்தில் கிளப் அஃப்ரிக்கேன் அணிக்கும் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனுக்கும் நட்புமுறை ஆட்டம் நடந்தபோது, கத்தார் பணத்தில் வளர்ந்த விருந்தினர் கண்ணெதிரே துனீசிய ரசிகர்கள் இதே வாசகத்தை ஆங்கிலத்திலேயே விரித்துப் பிடித்தார்கள். அவர்களுக்கும் முன்னால் வேறு யாராவது எழுதியிருக்கலாம். 2017க்குப் பிந்தியதல்ல என்பதைத் தாண்டி இதன் காலத்தை இறுக்கிச் சொல்வது முறையல்ல. எப்படியானாலும் துனிஸிலிருந்து மான்செஸ்டருக்கு வந்துசேர்ந்த ஒரு முழக்கத்தை ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் தலைமுறை நினைவு என்று வாசிக்க முடியாது. நம் காலத்து ரசிகர்கள் நாடு கடந்து ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்ட மொழி அது. அதன் மதிப்பு இதனால் குறைவதில்லை, ஆனால் அது எதற்குச் சாட்சி என்பது மாறிவிடுகிறது.

சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானக் கம்பிவேலியில் கட்டியிருந்த பதாகை போதிய கவனம் பெறவில்லை. வெட்கக்கேடு என்று உரிமையாளரைச் சாடிவிட்டு, கிளப்பின் பெயருக்கு இறுதி அஞ்சலி செலுத்தி, 1892–2021 என்று இரண்டு ஆண்டுகளை அது குறித்திருந்தது. இறந்தவர் பெயரும் காலமும் பொறித்த நடுகல்லைப் போன்றது அந்தத் துணி. அதிலுள்ள முதல் ஆண்டைப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் அதுவரை ஆடிவந்தது எவர்டன் அணி. மைதான வாடகைத் தகராறில் எவர்டன் வெளியேறியபோது, காலியான மைதானத்துக்கு ஓர் அணி வேண்டுமென்று பீர் ஆலை முதலாளி ஜான் ஹோல்டிங் 1892இல் உண்டாக்கியதே லிவர்பூல் கிளப். பதாகையைக் கட்டியவர்கள் தம் கிளப்பின் பிறப்பை ஒரு முதலாளியின் முடிவிலிருந்து கணக்கிட்டதில் எந்த உறுத்தலும் தெரியவில்லை. மறுபக்கத்தில் நியூட்டன் ஹீத்தும் 1902இல் கடனில் மூழ்கியபோது ஜே.எச். டேவிஸ் என்ற இன்னொரு பீர் ஆலை முதலாளிதான் கைகொடுத்து மான்செஸ்டர் யுனைடெட் ஆக்கினார்.

1915 வரையிலான ஆங்கிலக் கால்பந்தை ஆராய்ந்த டோனி மேசனின் நூல் 1980இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. சிறு பங்குகள் வாங்கிய தொழிலாளர்கள் உண்டு. இயக்குநர் நாற்காலிகளில் பெரும்பாலும் அமர்ந்தவர்கள் வணிகர்களும் ஆலை அதிபர்களும். முதலாளிகளைக் கட்டுக்குள் வைத்தது கால்பந்துச் சங்கத்தின் விதி. ஈவுத்தொகை ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்று அது தடுத்தது. வரம்பு பிறகு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1983இல் டாட்டன்ஹாம் ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கிப் பங்குச் சந்தைக்குப் போனபோது அந்த வேலி பயனற்றுப்போனது. உள்ளூர் அணி டிக்கெட் வசூலில் ஐந்தில் ஒரு பங்கை வந்த அணிக்குக் கொடுக்கும் வழக்கமும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. ஆக, 1980களில் கால்பந்து இழந்தவை கட்டுப்பாடுகள். மக்கள் உடைமை அதற்கு முன்னும் இருந்ததில்லை.

உடைமை இழப்புதான் வேர் என்றால் உடைமை உள்ளவர்களே அதிகம் கொதித்திருக்க வேண்டும். ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகள். சூப்பர் லீக்கை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தவையும் அவையே. லண்டனிலும் லீட்ஸிலும் நடந்ததற்கு ஈடான கூட்டம் மாட்ரிட் தெருக்களில் கூடவில்லை. ஊரடங்கு விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத மாட்டேன். உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை வாக்கு உள்ள ஜெர்மனியின் பேயர்னும் டார்ட்மண்டும் சேர மறுத்தன என்பதும் எதிர்த்தட்டில் வைக்க வேண்டிய சான்று. ஆனால் கத்தாருக்குச் சொந்தமான பாரிஸ் கிளப்பும் மறுத்தது. உடைமைக்கும் எதிர்ப்புக்கும் நேர்க்கோடு போட முடியவில்லை.

அப்படியானால் காக்கப்பட்டது எது? ஏப்ரல் 19 இரவு லீட்ஸின் எல்லண்ட் ரோட்டில் லிவர்பூல் ஆடவந்தது. வெளியே ரசிகர்கள் திரண்டார்கள், லிவர்பூல் சட்டை ஒன்று எரிக்கப்பட்டது. உள்ளே லீட்ஸ் ஆட்டக்காரர்கள் பயிற்சியின்போது அணிந்த சட்டையில் சாம்பியன்ஸ் லீக் சின்னத்தோடு ‘உழைத்துப் பெறு’ என்ற கருத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. சட்டையைத் தயாரித்தது கிளப், ரசிகர்கள் அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆயினும் வெளியே நின்றவர்களின் மனத்துக்கு மிக அருகில் வந்த வாசகம் அதுவே என்பது என் வாதம். லீட்ஸ் 2004இல் முதல் பிரிவிலிருந்து விழுந்து, மூன்றாம் பிரிவில் மூன்று பருவங்கள் கிடந்து, 2020இல்தான் திரும்பியிருந்தது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. உழைத்துப் பெறும் முறையும் ஆதிமுதல் இருந்ததல்ல. பிரிவுகளுக்கிடையே தானாக ஏறி இறங்கும் வழக்கம் 1898இல் வந்தது. அதற்குப் பிறகும் 1919இல், இரண்டாம் பிரிவில் முதல் நான்கு இடங்களுக்குள்கூட வராத ஆர்சனல், வாக்கெடுப்பில் டாட்டன்ஹாமைத் தோற்கடித்து முதல் பிரிவுக்குள் நுழைந்தது. கால்பந்து லீகின் அடித்தட்டுக் கதவு 1987 வரை வாக்கெடுப்பால்தான் திறந்து மூடியது. விம்பிள்டன் 1977இல் உள்ளே வந்ததும் வொர்கிங்டன் வெளியேறியதும் அப்படித்தான். உச்சி முதல் அடி வரை தொடரும் பாதை என்று 2021இல் ரசிகர்கள் போற்றியதற்கு முழு வடிவில் முப்பத்து நான்கு வயதுதான்.

இதை எதிர்ப்பின் பலவீனமாகச் சிலர் காணலாம். நான் அப்படிக் கருதவில்லை. ரசிகர்கள் காத்தது தொலைந்த பொற்காலத்தை அல்ல, தம் வாழ்நாளில் கைக்கு வந்து தாமே சோதித்துப் பார்த்த ஒன்றை. 2002இல் விம்பிள்டனை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையம் அனுமதித்தபோது ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கி, வட்டார லீகிலிருந்து ஏறி 2011இல் கால்பந்து லீகை எட்டினார்கள். கிளேசர் குடும்பம் 2005இல் யுனைடெட்டைக் கடன் பணத்தில் வாங்கியபோது கோபித்து வெளியேறியவர்கள் எஃப்.சி. யுனைடெட்டைத் தொடங்கினார்கள். பாதை திறந்திருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படிப்பட்ட கிளப்புகள் பிறப்பதில்லை. பதினைந்து நிரந்தர நாற்காலிகள் அந்த நம்பிக்கையைத்தான் தாக்கின. இந்தத் தொடர்பை நேரடியாக நிறுவும் ஆவணம் மெலிவானது. எனினும் டெய்லர் வழி வாசிப்பு விளக்காமல் விடும் காலப் பொருத்தத்தை இது விளக்குகிறது. 1998இல் மீடியா பார்ட்னர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய இதே திட்டத்தோடு வந்தபோது ஆங்கிலத் தெருக்கள் அமைதியாக இருந்தன. அப்போது ரசிகர்களின் போர் யுனைடெட்டை விலைபேசிய பி.ஸ்கை.பி. தொலைக்காட்சி நிறுவனத்தோடு நடந்தது. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இன்னும் பிறக்கவில்லை.

டெய்லர் பக்கம் வலுவாக நிற்கும் சான்று மே 2ஆம் தேதி. திட்டம் செத்த பிறகும் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குள் புகுந்து லிவர்பூலுடனான ஆட்டத்தையே நிறுத்தியவர்கள் கழுத்தில் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டுகள் இருந்தன. அவை நியூட்டன் ஹீத்தின் நிறங்கள், 2010 முதல் கிளேசர் எதிர்ப்பின் அடையாளம். அன்று கேட்கப்பட்டது உடைமைதான். ஆகவே இரண்டு நினைவுகளும் ஒரே பருவத்தில் இருந்தன. ஏப்ரலில் பேசியது ஒன்று, மே மாதம் பேசியது இன்னொன்று.

ரசிகர்கள்தாம் திட்டத்தைக் கவிழ்த்தார்களா என்ற கேள்விக்கு முடிந்த விடை இல்லை. ஏப்ரல் 20 மாலை ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதான வாசலில் செல்சி பேருந்தை மறித்தவர்களிடம் அந்தக் கிளப்பின் ஆலோசகர் பீட்டர் செக் இறங்கிவந்து, அவகாசம் தாருங்கள் என்று மன்றாடினார். விலகும் செய்தி கூட்டம் கலையும் முன்பே பரவியது. முடிவு அந்தக் கூட்டத்தால் பிறந்ததா, அதற்கு முன்பே அறைக்குள் எடுக்கப்பட்டதா என்பதை நிமிடக் கணக்கில் பிரிக்க இயலாது. அரசாங்கம் சட்டம் கொண்டுவருவதாக மிரட்டியதும், ஆட்டக்காரர்கள் வாய் திறந்ததும் அதே மணிநேரங்களில் நடந்தவை.

பின்விளைவு மட்டும் ஐயமின்றிப் பதிவாகியிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் டிரேசி கிரவுச் தலைமையில் அரசாங்கம் அமைத்த கால்பந்து நிர்வாக ஆய்வு 2021 நவம்பரில் அறிக்கை தந்தது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. தடைசெய்யப்பட்ட போட்டிகளில் ஆங்கிலக் கிளப்புகள் சேர்வதை அது தடுக்கிறது. சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்கிறது. உடைமையை அது ரசிகர்களிடம் மாற்றவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் பெரும்பான்மை வாக்குரிமை, சட்டம் நிறைவேறிய அன்றும் கிளேசர் குடும்பத்திடமே இருந்தது.