காட்டுத்தீக் கரிமக் கணக்கீடும் புதுச்சேரித் தாவர வரைபடங்களும்

காட்டுத்தீ வெளியிடும் கரிமத்தைக் கணக்கிட்ட வரலாறு பெரும்பாலும் செயற்கைக்கோள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை அதன் முற்பகுதியைப் புதுச்சேரியில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

எரிந்த பரப்பு, அப்பரப்பில் நின்ற தாவர நிறை, அதில் நிலத்துக்கு மேலுள்ள பங்கு, அதிலும் உண்மையில் எரிந்த பங்கு ஆகிய நான்கையும் பெருக்கி எரிந்த நிறையை அறியும் முறையைச் சைலரும் குருட்சனும் 1980இல் வெளியிட்டனர். உலர்நிறையில் ஏறத்தாழப் பாதி கரிமம். டெர்ரா செயற்கைக்கோள் 1999 இறுதியில் ஏவப்பட்ட பின்னர் முதற்கூறு வானிலிருந்து கிடைக்கலாயிற்று. எரிந்த இடத்தில் நின்றது எத்தகைய தாவரம் என்பதற்குக் களஆய்வே சான்று.

அச்சான்றைத் திரட்டியவற்றுள் முதன்மையானது 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். கொசன், லெக்ரி, வியார் ஆகியோர் ஆக்கிய பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவிலான தாவர வரைபட வரிசையில் கன்னியாகுமரித் தாள் 1961இல் வெளிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளைப் பாஸ்கல் 1980களில் இன்னும் நுணுக்கமாக வரைந்தளித்தார். இவர்களுள் எவரும் கரிமக் கணக்கை நோக்கமாகக் கொண்டவரல்லர்.

கொசன் மரபு தாவரங்களை வரிசைகளாகக் கண்டது. அடர்காடு உச்சநிலை, வெட்டும் மேய்ச்சலும் தீயும் அதனைத் திறந்த காடாகவும், புல்வெளியாகவும், புதராகவும் தாழ்த்துகின்றன. இப்பார்வையில் புல்வெளி என்பது வீழ்ந்த காடு. இதே நிறுவனத்தைச் சேர்ந்த வசந்தி நீலகிரியின் சாண்டிநல்லா படிவுகளில் செய்து 1988இல் வெளியிட்ட மகரந்த ஆய்வும், சுகுமார் குழுவினர் நீலகிரிக் கரிப்படிவுகளில் செய்து 1993இல் வெளியிட்ட கரிம ஐசோடோப்பு ஆய்வும் உயர்மலைப் புல்வெளியின் தொன்மையைக் காட்டின. பருவநிலைக்கேற்ப அது பல்லாயிரம் ஆண்டுகளாக விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது.

இது பெயரிடல் பற்றிய பூசல் மட்டுமன்று. எரிந்த புல்லின் கரிமம் அடுத்த மழைக்காலத் தளிர்ப்பில் பெரும்பாலும் மீள்கிறது. மரத்தின் கரிமம் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேற்றம் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ காய்ந்த புற்சரிவுகளில் பரவியது. உயிரிழப்பு பெரிது, கரிம இழப்பு அதற்கு ஒப்பானதன்று. அச்சரிவைச் சிதைந்த காடென வகைப்படுத்தி மரநிறையைப் பொருத்தினால் கணக்கு பன்மடங்கு பெருகும்.

புதுச்சேரி நிறுவனம் நெடுங்காலமாக மரங்களை அளந்துவரும் கர்நாடகத்து உப்பங்களா, தீ அரிதாகவே புகும் பசுமைமாறாக் காடு. தீ மிகுதியாகப் பரவுவதோ இலையுதிர் காடுகளில். அங்கும் எரிவன பெரும்பாலும் சருகும் புல்லுமே, மரங்கள் பல நின்றுவிடுகின்றன. ஆகவே இக்கணக்கிற்கு, 1988 முதல் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் பேணிவரும் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுக்களத்தின் மரப்பதிவுகளையும் புதுச்சேரி வரைபடங்களோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.