ஒரு இருமலும் ஒரு ஆஞ்சியோகிராமும்

1/ "டாக்டர், ஆஞ்சியோ பண்ணும்போது ஹார்ட் நின்னுடுமாமே?" கிளினிக்ல அடிக்கடி கேட்கிற கேள்வி. ஒரு காலத்தில் இந்தப் பயம் டாக்டர்களுக்கே இருந்தது. அது எப்படிப் போச்சுன்னு ஒரு சின்ன இழை.

2/ 1950கள். நெஞ்சுவலின்னு ஒருத்தர் வந்தால் அவர் சொல்வதைக் கேட்கலாம், ஈசிஜி எடுக்கலாம். அவ்வளவுதான். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலம்தான். அடைப்பு எங்கே, எத்தனை இடத்தில்? தெளிவாகத் தெரிந்தது பிரேதப் பரிசோதனையில்தான்.

3/ இதயத்துக்குள் கதீட்டர் விடலாம்னு 1929லேயே ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் உடம்பிலேயே செய்து காட்டிட்டார். ஆனால் கொரோனரிக்குள் நேரடியாக எக்ஸ்ரே சாய மருந்தைச் செலுத்தினால் துடிப்பு தாறுமாறாகி ஆள் இறந்துடுவார்னு எல்லாரும் நம்பினாங்க. அதனால் மகாதமனியில் மருந்தைச் செலுத்தி, கொரோனரிக்குள் போற கொஞ்சத்தை வைத்துப் பார்த்தாங்க. படம் மங்கலாகத்தான் வந்தது.

4/ 1958 அக்டோபர் 30. அமெரிக்கா, கிளீவ்லாந்து கிளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ், அடிப்படையில் குழந்தைகள் இதய நிபுணர். அன்று மேஜையில் இருந்தவர் வால்வு பாதிப்புள்ள 26 வயது இளைஞர். எக்ஸ்ரே படத்தைப் பார்க்க மேஜைக்குக் கீழே ஒரு குழி. அதற்குள் சோன்ஸ். மேலே கதீட்டரைப் பிடித்திருந்தவர் அவருடைய உதவி டாக்டர்.

5/ மகாதமனிக்குள் மருந்து பாய்கிற நேரத்தில் கதீட்டர் நுனி நழுவி வலது கொரோனரிக்குள் போயிடுச்சு. வெளியே இழுப்பதற்குள் சுமார் 30 மில்லி உள்ளே! இன்னைக்கு ஒரு தடவைக்கு நாங்க கொடுப்பது 10 மில்லிக்கும் குறைவு.

6/ இதயம் நின்றது. வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முறை மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1960ல்தான். அப்போ இருந்த வழி, நெஞ்சைத் திறந்து கையால் இதயத்தை அழுத்துவது. சோன்ஸ் குழியிலிருந்து ஏறி ஓடி வந்து கத்தியைத் தேடினார். அப்போதுதான் மானிட்டரில் கவனித்தார்: துடிப்பு தாறுமாறாகலை, வெறுமனே நின்றிருக்கு. நோயாளிக்கு இன்னும் நினைவும் இருக்கு. "இருமுங்க" என்றார். சில இருமல்களில் தேங்கின மருந்து நகர்ந்து, துடிப்பு திரும்பியது.

7/ பலர் இதை "தப்பிச்சோம்டா சாமி"ன்னு மறந்திருப்பாங்க. சோன்ஸ் யோசிச்சார். இவ்வளவு மருந்து போயும் ஆள் பிழைத்தார்னா, கொஞ்சமாகக் கொடுத்தால் ஆபத்து இன்னும் குறைவுதானே? இதற்கென்றே நுனி மெலிந்த கதீட்டர் செய்தார். கை ரத்தக்குழாய் வழியாகச் சென்று, ஓடும் படமாகவே பதிவு செய்தார். 1962ல் முறையை வெளியிட்டார்.

8/ அடைப்பு எங்கேன்னு தெரிஞ்சால்தானே எங்கே ஒட்டுப்போடணும்னு தெரியும்? 1967ல் அதே மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ கால் நரம்பை வைத்து பைபாஸ் செய்தார். 1977ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனால் அடைப்பைத் திறந்தார். இரண்டுக்கும் வழிகாட்டியது சோன்ஸ் காட்டிய படம்தான்.

9/ நம்ம ஊரில் குழப்பிக்கிற ஒரு விஷயம்: ஆஞ்சியோகிராம் பரிசோதனை. ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை. பரிசோதனையால் உயிருக்கு ஆபத்து என்பது இன்னைக்கு சுமார் ஆயிரத்தில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. தேவைன்னு சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீங்க.

10/ இன்னொண்ணு. "மாரடைப்பு வந்தால் இருமுங்க"ன்னு வாட்ஸ்அப்பில் சுத்துதே, அதை நம்பாதீங்க. அந்த இளைஞர் ஈசிஜி மாட்டி, டாக்டர்கள் சூழப் படுத்திருந்தார். அவருக்கு வந்தது மாரடைப்பும் இல்லை. வீட்டில் நெஞ்சுவலி வந்தால் இருமிக்கிட்டு உட்காராம உடனே 108.

11/ கடைசியா, ஆஞ்சியோகிராம் காட்டுவது ரத்தம் ஓடும் பாதையை. சுவருக்குள் படிந்த கொழுப்பு முழுசா தெரியாது. அதனால் "ஆஞ்சியோ நார்மல்" என்பது சிகரெட்டுக்கு லைசென்ஸ் இல்லை. இத்தனை பேர் இதயத்தைக் காப்பாற்றிய சோன்ஸ் விடாமல் புகைத்தவர். 1985ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.