ஓசூர் தந்த ஐம்பது சிசி

1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இருவர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அதுதான். பால்காரரும் பூக்காரரும் அதில் ஏறினார்கள். எங்கள் பட்டறைகள் வாழ்ந்ததும் அதனால்தான்.

அதன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஹெட்டில் வால்வு கிடையாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எரிந்த ஆயில், புகை வெளியேறும் வாயில் கரியாகப் படியும். வண்டி மேடு ஏறத் திணறும். அப்போது ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவுவோம். உருவியதும் கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கச் சொல்வார் என் ஆசான். பிஸ்டன் பின்னின் சர்க்லிப் உள்ளே விழுந்தால் இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டிவரும். பிஸ்டன் அலுமினியம், அதனால் கரியைச் சுரண்ட இரும்பைத் தொட விடமாட்டார், மூங்கில் சிம்புதான். திரும்பப் பூட்டும்போது ரிங்கின் வாய், பள்ளத்தில் இருக்கும் சிறு ஊசிக்கு நேராக உட்கார வேண்டும். விலகினால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும், பிறகு போர் போட்டுப் பெரிய பிஸ்டன்தான். இந்த ஒரு வேலையில் பையனின் கை தெரிந்துவிடும் என்பார். சரியான பேச்சு.

2015-இல் டிவிஎஸ்ஸின் ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட் எக்ஸ்எல் 100 வந்தது. ஆயில் கலக்கும் வேலை போயிற்று, வால்வு வந்தது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வீட்டில் கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். பழகும் பிள்ளை ஒருவனிடம் கொடுங்கள். கழற்றிப் பூட்டக் கற்கட்டும்.