குழலின் நீளமும் வாயின் குறுக்கமும்



ஒரு கருவி எவ்வளவு தொலைவு எட்டுகிறதோ அவ்வளவு சிறந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எப்போதும் சரியாவதில்லை என்பதற்குப் பறவை வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு நல்லதொரு சான்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் காட்டுப் பறவைகளைப் பொழுதுபோக்குக்காகச் சுடுவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டன. ஆகவே வேட்டையைக் கற்பிப்பது என் நோக்கமன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மக்கள் ஒரு கருவியைப் பற்றி என்ன நம்பினார்கள், அந்நம்பிக்கையை எவ்வாறு சோதித்துத் திருத்திக்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பறவை சுடும் துப்பாக்கியிலிருந்து ஒற்றைக் குண்டு புறப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு ஈய ரவைகள் ஒருங்கே புறப்பட்டு, போகப் போகப் பரவுகின்றன. இதனை ஷாட்கன் என்பர். நாம் ரவைத் துப்பாக்கி எனலாம். இதன் குழலை அளக்கும் முறை விந்தையானது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் பொருந்துமோ அது 12 கேஜ் குழல். இருபது உருண்டைகளாக வார்த்தால் 20 கேஜ். இருபத்தெட்டாக வார்த்தால் 28 கேஜ். எண் பெருகப் பெருகக் குழலின் வாய் சிறுக்கும். இவற்றினும் சிறியதாகிய 410 மட்டும் கேஜ் கணக்கில் சேராதது. அதன் குழல்வாய் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு. அதுவே அதன் பெயராயிற்று.

முதலில் குழலின் நீளத்தைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பறவைத் துப்பாக்கிகளின் குழல்கள் நான்கு அடிக்கும் மேலாக நீண்டிருந்தன. அதற்குக் காரணம் இருந்தது. அக்காலக் கருமருந்து மெல்ல எரிந்தது. அது முழுதும் எரிந்து ரவையை உந்துவதற்கு நீண்ட குழல் வேண்டும் என்று கருதினார்கள். 1787இல் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் ஹென்றி நாக், தீப்பொறி மருந்தின் நடுவில் பாய்ந்து அதனை விரைந்து எரிக்கும் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நீண்ட குழலுக்குத் தேவை குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்பது அங்குலம் வழக்கமாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையற்ற மருந்து பரவியபோது அந்த முப்பதும் கட்டாயமில்லாமற் போயிற்று.

காரணம் மறைந்தது, நம்பிக்கையோ மறையவில்லை. நீண்ட குழலே வலிமையாகச் சுடும் என்று வேட்டைக்காரர்கள் பல தலைமுறை சொல்லி வந்தார்கள். 1920களில் ராபர்ட் சர்ச்சில் என்ற லண்டன் துப்பாக்கி வணிகர் இருபத்தைந்து அங்குலக் குழல்களைச் செய்து விற்றபோது பெரும் வாதம் எழுந்தது. உண்மை யாது? ரவை விநாடிக்கு ஆயிரத்து இருநூறு அடி அளவில் பாய்கிறது. குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் அவ்வேகத்தில் பொதுவாக ஐந்து முதல் பத்து அடி வரையே குறையும். பறவைக்கும் வேட்டைக்காரனுக்கும் இந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று. குழலின் நீளம் மாற்றுவது வலிமையை அன்று, கையின் அசைவையே. குறுங்குழல் சட்டென்று திரும்பும், சட்டென்று நின்றும் போகும். நெடுங்குழல் மெல்லத் திரும்பினாலும் சீராக நகரும்.

இனி வாயின் குறுக்கத்துக்கு வருவோம். குழலின் முனைக்கருகே உட்புறத்தைச் சற்றே ஒடுக்கினால் ரவைகள் நெருங்கிச் செல்லும். இதற்குச் சோக் என்று பெயர். ஒடுக்கம் மிகச் சிறியது. 12 கேஜ் குழலில் முழுச் சோக் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. 1866இல் நியூகாசில் நகரத்துப் பேப் என்பவர் இதனைத் தம் காப்புரிமையில் குறித்தார். 1868இல் அமெரிக்கரான சில்வெஸ்டர் ரோப்பர் கழற்றி மாட்டும் சோக்குக்குக் காப்புரிமை பெற்றார். இல்லினாய் மாநிலத்து வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிள் தாமே அதனைக் கண்டதாக உரிமை கொண்டாடினார். 1874இல் பர்மிங்ஹாம் நகரத்து கிரீனர் அதனைச் செப்பமாகச் செய்யும் முறையை வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. அப்போது 'தி பீல்டு' என்னும் லண்டன் இதழ் வாதத்தை நிறுத்திச் சோதனையைத் தொடங்கியது. 1875இல் துப்பாக்கிகளை வரவழைத்து, நாற்பது கஜத் தொலைவில் காகிதம் நிறுத்திச் சுட்டு, முப்பது அங்குல வட்டத்துக்குள் விழுந்த ரவைகளை எண்ணினார்கள். கிரீனரின் சோக் குழல்கள் வென்றன. ஒடுக்கமில்லாத குழல் அவ்வட்டத்துக்குள் நூற்றுக்கு நாற்பது ரவைகளை இடுமானால், முழுச் சோக் எழுபதை இடும் என்பது பின்னர் பொதுக் கணக்காயிற்று. பெருமை பேச்சு ஓய்ந்தது. எண்ணிக்கை பேசத் தொடங்கியது. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை வாதித்துக்கொண்டிருப்பது வீண் என்பதை மாணவர்கள் இங்கே மனத்திற் கொள்ளுக.

ஆனால் ஒரு வெற்றி மற்றொரு மயக்கத்தைப் பிறப்பித்தது. நாற்பது கஜத்தில் நெருக்கம் நன்று. ஆகவே எங்கும் நெருக்கமே நன்று என்று பலர் கருதினார்கள். வானில் உயரப் பறக்கும் வாத்துக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் புதர்க்காட்டுப் பறவைக்கோ பொருந்தாது. நியூ இங்கிலாந்துப் பகுதியில் கைவிடப்பட்ட பண்ணை நிலங்களில் அடர்ந்து வளர்ந்த புதர்களிலிருந்து ரஃப்டு கிரவுஸ் என்ற பறவை படபடவென்று எழுந்து, ஓரிரு விநாடிகளில் மரங்களுக்குள் மறைந்துவிடும். கவுதாரியின் உறவாகிய அப்பறவையைச் சுடும் தொலைவு பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து கஜமே. இருபது கஜத்தில் முழுச் சோக்கின் ரவைகள் சுமார் பதினாறு அங்குல அகலமே பரவும். ஒடுக்கமில்லாத குழலின் ரவைகள் முப்பது அங்குலத்துக்கும் மேலாகப் பரவும். முன்னதில் குறி சிறிது பிசகினால் பறவை தப்பும். நேரே பட்டாலோ உணவுக்கு உதவாதவாறு சிதைந்துபோகும்.

இதனை அப்பகுதியினர் பயிற்சியாலும் உணர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவர் ஊரில் சார்லஸ் டேவிஸ், வில்லியம் ஹார்ன்டன் பாஸ்டர் முதலியோர், கிரவுஸ் பறக்கும் கோணங்களைப் போலவே களிமண் தட்டுகளை வீசிச் சுடும் பயிற்சியை வகுத்தார்கள். 1926இல் அதற்கு ஸ்கீட் என்ற பெயர் அமைந்தது. அண்மைத் தொலைவுக்கென்றே பரவலான சோக் ஒன்றும் அதன் பெயரால் வழங்கலாயிற்று.

சிறு கேஜ் துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சிறிய வாயிலிருந்து சிறிய வட்டமே விழும் என்பார்கள். உண்மையில் வட்டத்தின் அகலத்தைப் பெரிதும் முடிவு செய்வது சோக்கே, கேஜ் அன்று. குறைவது ரவைகளின் எண்ணிக்கை. அமெரிக்க அளவில் 8ஆம் எண் ரவை அவுன்சுக்கு ஏறத்தாழ 410. எனவே 20 கேஜின் முக்கால் அரைக்கால் அவுன்சுத் தோட்டாவில் சுமார் 360 ரவைகள். 28 கேஜின் முக்கால் அவுன்சில் சுமார் 308. 410இன் அரை அவுன்சில் 205 மட்டுமே. அதே வட்டத்தில் ரவை குறைந்தால் இடையிடையே வெற்றிடம் விழும். அவ்வெற்றிடத்தில் அகப்பட்ட பறவை ஓரிரு ரவைகளைத் தாங்கிப் பறந்துபோய், எங்கோ ஒரு புதரில் துன்புற்று மடியும். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள அறம் இதுவே.

ஆதலின் அனுபவமுடையோர் கண்ட முடிவு இது. அடர்ந்த புதரில் 20, 28 கேஜ்களுக்குக் குறைந்த சோக்கும், இருபத்தாறு அல்லது இருபத்தெட்டு அங்குலக் குழலும் போதும். துப்பாக்கி மிக இலேசாயின் இருபத்தெட்டே நலம். முன்புறத்துச் சிறு கனம் கையின் அசைவை நிதானப்படுத்தும். திறந்த வெளியில் சோக்கைச் சற்று இறுக்கலாம். 410இல் ரவை குறைவாதலின் சோக்கை இறுக்கித் தொலைவைச் சுருக்க வேண்டும். எதுவாயினும் காகிதத்தில் சுட்டு எண்ணிப் பார்க்காமல் நம்பலாகாது. ரோப்பர் கண்ட கழற்றி மாட்டும் சோக், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருகு வடிவில் பரவி, இத்தேர்வை எளிதாக்கியது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் மறக்கலாகாது. கருவிகள் செப்பமடைந்த அதே காலத்தில் அமெரிக்காவில் சந்தைக்காகப் பறவைகளை வலையாலும் துப்பாக்கியாலும் கணக்கின்றிக் கொன்றார்கள். கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் மடிந்தது. கிரவுஸ் இனத்தைச் சேர்ந்த ஹீத் கோழி 1932க்குப் பின் காணப்படவில்லை. 1900இலும் 1918இலும் காப்புச் சட்டங்கள் பிறந்தன; சில இனங்களுக்கு அவை காலங்கடந்து வந்தன. குழலை அளந்தவர்கள் தங்கள் ஆசையை அளக்கவில்லை.

நாற்பது கஜத்துக்கு எட்டும் கருவியை வைத்துக்கொண்டு, இருபது கஜத்துக்கு மேல் சுடமாட்டேன் என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்பவனே அக்கருவியை உண்மையில் அறிந்தவன். உங்கள் கைக்கு வரும் கருவி எதுவாயினும், அது எவ்வளவு எட்டும் என்று கேட்பதற்கு முன், நம் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். விடையை ஊரார் சொல்லில் தேடாமல் அளந்து காணுங்கள்.