பெயர் பெற்ற சிறகுகள்

பொன்னுக்கு எடை போட்டு ஏட்டில் எழுதி வைத்த பூமி நம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால்வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, வெட்டியெடுத்த பொன்னுக்குக் கணக்கு உண்டு. அதே மண்ணில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கணக்கு உண்டோ? உண்டு. அக்கணக்கு எழுதப்பட்ட வரலாற்றை நாம் அறிதல் நன்று.

விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறையை 1758இல் தம் நூலில் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். செந்நிற உடலும் கருஞ்சிறகும் கொண்ட நம் நாட்டு வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கு, திராய் நகரத்து வீரன் எக்டரின் பெயரை அவர் சூட்டினார். அதன் புழு உண்பதோ ஆடுதீண்டாப்பாளை. அச்செடியின் நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் அப்பூச்சியை வெறுத்து ஒதுக்கும். ஆடும் தீண்டாத செடி என்று பெயரிட்ட நம் முன்னோர் செடியின் இயல்பை நன்கறிந்தவரே. ஆயினும், உலகு ஏற்கும் ஏட்டில் எழுதியவர் இட்ட பெயரே பூச்சிக்கு நிலைத்தது.

லின்னேயசின் மாணாக்கராகிய கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். செடிகொடிகளோடு பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றுட் பலவற்றை டென்மார்க்கு அறிஞர் பெப்ரீசியஸ் ஆராய்ந்து பெயரிட்டார். பின்னர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஆம்சன் அந்துப்பூச்சிகளில் மனம் பதித்தார். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டார். தங்கவயலில் சுரங்கங்கள் ஆழ்ந்துகொண்டிருந்த நாளில், 1890இல், வாட்சன் என்னும் படை அதிகாரி மைசூர் நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் முதற்பட்டியலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார்.

புதிய இனம் என்று ஒன்றை அறிவித்தல் எளிதன்று. சிறகின் கோடும் புள்ளியும் நரம்பும், ஆண்பூச்சியின் உறுப்பமைப்பும் முன்னறிந்த இனங்களோடு ஒப்பிடப்பெறல் வேண்டும். கிடைத்த இடமும் நாளும் குறிக்கப்பெறல் வேண்டும். மூலமாதிரி காட்சியகத்தில் காக்கப்பட, விளக்கம் அச்சேறிய பின்னரே பெயர் நிலைபெறும்.

இப்பணி அயலாரோடு முடிந்துவிடவில்லை. தேனி மாவட்டத்து மேகமலையில் நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று, 2023இல் அம்மலையின் பெயராலேயே புதிய இனமாக அறிவிக்கப்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய அறிவிப்பு நிகழவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. 2019இல் தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக ஏற்றது. எக்டரின் பெயர் தாங்கிய சிறகுகளுக்கிடையே, நம் மலையின் பெயரும் நம் மொழியின் பெயரும் இன்று பறக்கின்றன.

தொழில் தேடித் தமிழகத்தினின்று இங்கு வந்த நம் குடும்பங்கள், எழுதப்படாத உழைப்பு எவ்வாறு மறக்கப்படும் என்பதை நன்கறியும். எழுதப்படாத உயிரும் அத்தகையதே. அது அழிந்தாலும் அழிந்ததென அறிவார் இலர். வறண்ட பாறையும் முட்புதருமாகிய நம் சுற்றுப்புறத்தில் எச்செடியில் எப்பூச்சி எந்நாளில் வந்தது என்று நம் இளைஞர்கள் குறித்து வைப்பாராக. பொன்னைத் தோண்டும் பணி ஓய்ந்தது. கண்டதை எழுதும் பணி ஓயவில்லை.