மூன்று குரல்களும் பத்து விரல்களும்: வீடியோ கேம் இசை பியானோத் தாளில் ஏறிய வரலாறு

1980களில் ஜப்பானில் உருவான வீடியோ கேம் இசையின் பெரும்பகுதி மக்களை எட்டியது, எழுதப்பட்ட இசையாகவோ இசைக்கலைஞர் வாசித்துப் பதிவுசெய்த இசையாகவோ அல்ல. விளையாட்டுக் கேட்ரிட்ஜின் நினைவகத்தில் எண்களாகப் பதிந்து, இயந்திரம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒலித்துக் காட்டிய தரவாகவே அது வீடுகளுக்குள் நுழைந்தது. இசையமைப்பாளர் தம் மேசையில் எதையேனும் எழுதி வைத்திருந்தாலும் அந்தத் தாள் விளையாடுவோர் கைக்கு வருவதில்லை. ஆகவே, ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேனாட்டு முறையில் பின்னாளில் அச்சான பியானோ இசைத்தாள்களே, அந்த இசையிற் பலவற்றுக்குப் பொதுமக்கள் கண்ட முதல் எழுத்து வடிவம் என்ற நிலை ஏற்பட்டது.

இதன் தொடக்கத்தை அறிய, நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் ஒலியமைப்பைப் பார்க்க வேண்டும். அதிலிருந்த சில்லு ஐந்து தடங்களில் ஒலியெழுப்பக்கூடியது. இரண்டு தடங்கள் துடிப்பலை எனப்படும் கூர்மையான ஒலியையும், ஒன்று முக்கோண அலை எனப்படும் மெல்லிய ஒலியையும், ஒன்று வெறும் இரைச்சலையும் தந்தன. ஐந்தாவது, முன்பே பதிந்த சிறு ஒலித்துணுக்குகளை ஒலிக்கப் பயன்பட்டது. மெட்டமைக்க உதவியவை பெரும்பாலும் முதல் மூன்று தடங்களே. ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும் என்பதால், மூன்று பாடகர்களுக்கு எழுதுவதுபோல எழுதும் கட்டாயம் இசையமைப்பாளருக்கு நேர்ந்தது. பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டை விரும்பியபடி அடுக்க இடமில்லாத நிலையில், ஒவ்வொரு குரலும் தன்னளவில் ஒரு மெட்டாக நிற்க வேண்டியிருந்தது. 1984இல் நின்டெண்டோவில் சேர்ந்து 1985 செப்டம்பரில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்த கோஜி கோண்டோவின் மெட்டுகள் இன்றும் நினைவில் நிற்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் எனலாம். அவ்விளையாட்டில் நீருக்கடியில் நடக்கும் பகுதிக்கு அவர் அமைத்த இசை, மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் சுழலும் வால்ட்ஸ் நடன இசையாகும்.

மூன்று குரல் இசை பியானோவுக்கு எளிதில் வந்துவிடும் என்று தோன்றும். ஓரளவுக்கு அது உண்மையே. முக்கோண அலையின் கீழ்ச்சுரங்களை இடக்கைக்கும், இரு துடிப்பலைக் குரல்களை வலக்கைக்கும் பகிர்ந்தால் உருவம் கிடைத்துவிடும். உயிரைக் கொண்டுவருவதில்தான் சிக்கல் எழுகிறது. சில்லு ஒரு சுரத்தை எவ்வளவு நேரமும் குறையாமல் நீட்டிப் பிடிக்கும். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குவதால், நீண்ட சுரத்தை மீண்டும் தட்டுவதா, அதன் கீழே சிதறிய சுரங்களை ஓடவிட்டு இடைவெளியை நிரப்புவதா என்று இசைத்தாள் அமைப்பவர் முடிவெடுக்க வேண்டும். வீணையில் கம்பியை இழுத்து எழுப்பும் கமகம்போல், சில்லு ஒரு சுரத்தை அசைக்கவும் வழுக்கவும் வல்லது. பியானோவின் கட்டைகளுக்கு அந்த வசதி அறவே இல்லை. முக்கோண அலைக்கோ ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் வழியே கிடையாது. ஆகவே இடக்கைப் பகுதியில் எங்கே அழுத்தம், எங்கே மென்மை என்பதை மூல இசையிலிருந்து எடுக்க முடியாது. அமைப்பவர் தம் இசையறிவிலிருந்துதான் தர வேண்டும். இரைச்சல் தடம் தரும் முரசொலி முற்றிலும் மறைந்துவிடுவதால், அதன் தாளத்தை எங்கேனும் இடக்கையின் துள்ளலில் ஒளித்து வைக்கவும் வேண்டும்.

காதால் கேட்டு எழுதியோருக்கு இன்னொரு தடையும் இருந்தது. பாத்திரம் குதிக்கும்போதும் நாணயம் எடுக்கும்போதும் எழும் விளைவொலிகள் தனித்தடம் இல்லாமையால் இசைத்தடங்களில் ஒன்றைக் கணநேரம் பறித்துக்கொள்ளும். அக்கணத்தில் ஒரு குரல் காணாமற்போகும். விளையாட்டைத் தொடாமல் நிறுத்திவைத்தோ, சில விளையாட்டுகளில் இசையை மட்டும் கேட்க அமைத்திருந்த பட்டியலைப் பயன்படுத்தியோதான் முழு இசையையும் பெற முடிந்தது.

பியானோவுக்கும் சில்லுக்கும் இடையே போக்குவரத்து ஒருவழியாக மட்டும் நடக்கவில்லை. 1989இல் கேம் பாய் கருவிக்கு வந்த ‘டெட்ரிஸ்’ விளையாட்டின் மூன்று இசைகளில் ஒன்று, இசையமைப்பாளர் பாக் விசைப்பலகைக்கு எழுதிய மூன்றாம் பிரெஞ்சு சூட் என்னும் நடன இசைத் தொகுப்பிலுள்ள ஒரு மினுவெட் நடனம். பதினெட்டாம் நூற்றாண்டு விசைப்பலகை இசை அவ்வளவு சிறிய சில்லுக்குள் உருக்குலையாமல் அமர்ந்தது என்பதே, இரண்டுக்கும் இடையிலுள்ள உறவு மேலோட்டமானதன்று என்பதற்குச் சான்று.

பெரிய இசையைப் பியானோவுக்குச் சுருக்கும் கலை பழமையானது. இசைத்தட்டு தோன்றுவதற்கு முன், ஐரோப்பியக் குடும்பங்களிற் பல சிம்ஃபனிகளை அறிந்துகொண்டது வீட்டுப் பியானோவில் வாசிப்பதற்கென அச்சிட்ட சுருக்கங்களின் வழியாகத்தான். பேத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் இசையமைப்பாளர் லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி 1865இல் முழுத்தொகுதியாக வெளியிட்டார். அம்மரபு ஜப்பானில் புதுவாழ்வு பெறுவதற்கான நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. யமஹா நிறுவனம் 1900இலேயே அங்குப் பியானோ செய்யத் தொடங்கியிருந்தது. 1954இல் அது தொடங்கிய இசைப்பள்ளிகள் பின்னர் நாடெங்கும் பரவின. ஃபேமிகாம் விளையாடிய குழந்தைகளிற் பலர் மாலையில் பியானோ வகுப்புக்கும் சென்றவர்கள். அவர்களுக்கான விளையாட்டு இசைப்புத்தகங்களை டோரெமி போன்ற இசைப்பதிப்பகங்கள் வெளியிட்டன. தொடக்கநிலை மாணவர்க்கான பையர் பாடநூலின் பெயரே சில புத்தகங்களின் கடினத்தைக் குறிக்கும் அளவுகோலாக நின்றது.

இந்த இசைக்கு அரங்க மதிப்பைத் தேடித்தந்தவர் கோயிச்சி சுகியாமா. 1931இல் பிறந்து, 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டுக்கு இசையமைக்கும் முன்னரே திரைக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்துப் பெயர்பெற்றிருந்த அவர், அரண்மனைக் காட்சிக்கு பரோக் காலப் பாணியில் எழுதினார். 1987 ஆகஸ்டில் டோக்கியோவின் சன்டரி அரங்கில் அவ்விசை நேரடிக் கச்சேரியாக ஒலித்தது.

பியானோவுக்கென்றே ஒரு தொடர் உருவானது ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையில். முறையான இசைக்கல்லூரிப் பயிற்சி பெறாத நொபுவோ உவெமத்சு இசையமைத்த நான்காம் பாகம் 1991இல் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. அதன் சில்லுக்கு எட்டுத் தடங்கள். ஒவ்வொன்றும் பதிவுசெய்த இசைக்கருவி ஒலியைத் தரவல்லது. 1992இல், ஷிரோ சாதோ பியானோவுக்கு அமைக்க, தோஷியுகி மோரி வாசித்த ‘பியானோ கலெக்‌ஷன்ஸ்’ வெளியானது. இதிலிருந்துதான், விளையாட்டு இசையின் பியானோ வடிவம் படியெடுப்பு என்ற நிலையிலிருந்து தனிப்படைப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது என்பது பொருந்தும். முடிவின்றிச் சுழல்வதே விளையாட்டு இசையின் இயல்பு. ஆட்டக்காரர் எப்போது அடுத்த அறைக்குள் நுழைவார் என்பது தெரியாததால், அதற்கு இறுதி என்ற ஒன்று தேவைப்படவில்லை. மேடையில் வாசிக்கும் துண்டுக்கோ தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் வேண்டும். இசையமைப்பாளர் எழுதாத அம்முடிவை எழுதுவது அமைப்பவரின் பொறுப்பாயிற்று. அங்கேதான் அவருடைய படைப்பாற்றல் வெளிப்படையாகத் தெரிகிறது.

தடங்கள் பெருகப் பெருக, எதை விடுவது என்ற கேள்வியே முதன்மையானது. 1997இல் வந்த ஏழாம் பாகத்துக்குப் பியானோத் தொகுதி ஷிரோ ஹமகுச்சியின் அமைப்பில் 2003இல்தான் வெளிவந்தது. 2001இல் வந்த பத்தாம் பாகத்தின் இசையமைப்பாளர்களுள் ஒருவரான மசாஷி ஹமாவுசு, அதன் பியானோத் தொகுதியைத் தாமே அமைத்தார். தெபுசி, ராவல் ஆகிய இசையமைப்பாளர்களின் சாயல் படிந்த அவரது பக்கங்கள், மூலத்தைவிட ஆழமானவை என்று கொள்ளத் தகும் இடங்கள் உண்டு.

இதே காலத்தில், விலைக்குக் கிடைக்காத தாள்களைத் தாமே எழுதி இலவசமாகப் பகிர்ந்த ஆர்வலர்கள் உலகெங்கும் பெருகினர். 1983இல் உருவான மிடி என்னும் பொதுத்தரம் இசைக்கருவியையும் கணினியையும் இணைத்தது. ஃபினாலே, சிபேலியஸ், கட்டணமில்லாத மியூஸ்ஸ்கோர் ஆகிய மென்பொருள்கள் அச்சகத்துக்கு ஒப்பான தாளை வீட்டிலேயே எழுத வழிசெய்தன. ஆயினும் ஒரு மெட்டைப் பியானோவுக்கு மாற்ற உரிமையாளர் ஒப்புதல் வேண்டும் என்பதால், அவ்வுழைப்பின் பெரும்பகுதி சட்டத்தின் நிழலிலேயே கிடந்தது; உரிமையாளர் ஆட்சேபித்தால் ஒரே நாளில் மறையக்கூடியது. 2024இல் ஃபினாலேயின் வளர்ச்சியும் நிறுத்தப்பட்டபின், அம்மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவில் மட்டும் உறங்கும் ஆக்கங்களுக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துள்ளது.

‘சூப்பர் மாரியோ’வின் தலைப்பிசையை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது; வீடியோ கேம் இசை அப்பேரேட்டில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. ஒலிவடிவத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு இசைத்தாள்களுக்கும் கிடைக்க வேண்டும். அச்சிலும் கோப்பிலும் சிதறிக்கிடக்கும் இத்தாள்களை, இசையமைப்பாளரின் பெயரோடு பியானோவுக்கு அமைத்தவரின் பெயரையும் சேர்த்துப் பதிந்து, இசை நூலகங்கள் இப்போதே சேகரிக்கத் தொடங்குவது நல்லது.