கியாந்தி மிதிவண்டிப் பயணம்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், பிளாரன்ஸ், சியன்னா நகரங்களுக்கு இடைப்பட்ட குன்றுகளே கியாந்தி. திராட்சைத் தோட்டங்களும் ஆலிவ் தோப்புகளும் ஓக் காடுகளும் நிறைந்த இப்பகுதியின் ஒயின் எல்லையை 1716-இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ ஆணையிட்டு வரையறுத்தார். இரு நகரங்களையும் இணைக்கும் 222-ஆம் எண் சாலை கிரேவே, காஸ்டெல்லினா ஊர்களின் வழியே ஏறி இறங்குகிறது. மிதிவண்டிப் பயணிகள் பலரும் விரும்பும் தடம் இதுவே.

ஆனால் கியாந்தியின் உண்மையான அழகு தார் போடாத வெண்சரளைப் பாதைகளில்தான் இருக்கிறது. அவற்றைக் காக்கும் நோக்கத்துடன் ஜியான்கார்லோ புரோச்சி 1997-இல் கயோலே ஊரில் ‘லெரோயிக்கா’ பயணத்தைத் தொடங்கினார். 1987-க்கு முந்தைய பந்தய மிதிவண்டிகளுக்கே அதில் முதன்மை. கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும். மிக நீண்ட தடம் 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதன் தாக்கத்தில் 2007-இல் பிறந்த ‘ஸ்ட்ராடே பியான்கே’ தொழில்முறைப் பந்தயம் சியன்னாவின் காம்போ சதுக்கத்தில் முடிகிறது. ஒரு பழைய மண்பாதையைக் காக்க இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

லெரோயிக்கா தடத்தில் உள்ள புரோலியோ கோட்டை, இத்தாலியப் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலியின் குடும்பச் சொத்து. கியாந்தி ஒயினின் கலவையை வகுத்தவர் அவர். இன்றைய ‘கியாந்தி கிளாசிக்கோ’ ஒயினில் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சியோவேசே திராட்சை இருக்கும்.

கோடை வெயில் கடுமையானது. ஏப்ரல், மே மாதங்களிலோ அறுவடை நடக்கும் செப்டம்பரிலோ செல்லுங்கள். சரளைக்கு அகலமான டயர் பூட்டிக்கொள்ளுங்கள்.